கொட்டை யாருக்குச் சொந்தம்?

சட்டனில் நடந்த எங்கள் மாதச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம். கேள்வி நேரத்தில் சொன்ன பதில்கள் சிலவும் உரைக்குள் சேர்க்கப்பட்டுள்ளன.



எனக்குத் தந்த தலைப்பு "பழக் கழிவுகளில் மறைந்திருக்கும் மதிப்பு". இப்படித் தலைப்பு வைத்த கட்டுரைகளை நீங்களும் வாசித்திருப்பீர்கள். மாங்கொட்டையில் வெண்ணெய் எடுக்கலாம், தோடம்பழத் தோலில் பெக்டின் எடுக்கலாம், ஆப்பிள் சைடர் பிழிந்த சக்கையில் இன்னும் என்னவெல்லாமோ எடுக்கலாம், குப்பை எல்லாம் காசு என்று எழுதுவார்கள். எழுதுவதில் பொய் இல்லை. எல்லாம் எடுக்கலாம்தான், எடுத்துக்கொண்டும் இருக்கிறார்கள்.

எனக்கு இடறுகிறது அந்த "மறைந்திருக்கும்" என்கிற சொல். மறைந்திருக்கு எண்டால் யாருடைய கண்ணுக்கு மறைந்திருக்கு? வாங்குகிற கொம்பனிக்கு அது தெரியும், கிலோ என்ன விலை போகுது என்றும் தெரியும். தெரியாமல் இருக்கிறது பழத்தை விளைவித்தவனுக்கும், கொட்டையைப் பொறுக்கிக் காயவைக்கிற பெண்ணுக்கும். இன்றைக்கு நான் கதைக்கப் போவது இதைத்தான். பெரும்பகுதி மாங்கொட்டையை வைத்தே சொல்லுகிறேன். அதில் விசயம் தெளிவாக இருக்கு.

எங்கட கடைகளில் மாம்பழக் கூழ் ரின் வாங்காத வீடு குறைவு. பிறந்தநாள், அரங்கேற்றம் என்று எது வந்தாலும் ஒரு மாம்பழ டெசேர்ட் இருக்கும். அந்த ரின்னைத் திருப்பிப் பார்த்தால் இந்தியத் தயாரிப்பு என்று இருக்கும். இந்தியாவில் கூழ் ஆலைகள் நெருக்கமாக இருக்கிற இடங்கள் இரண்டு. ஒன்று ஆந்திராவின் சித்தூர். மற்றது எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டின் கிருஷ்ணகிரி. இரண்டு இடத்திலும் ஆலைக்குப் போகிற முக்கியமான மாம்பழம் தோதாபுரி. கிளி மூக்கு மாதிரி நுனி வளைந்த பழம். கிருஷ்ணகிரிப் பக்கம் அதைப் பெங்களூரா என்பார்கள். வெட்டிச் சாப்பிட அவ்வளவு ருசி இல்லை. ஆனால் காய்ப்பு அதிகம், சதை அதிகம், கூழுக்கு வாசி. ஆகவே இதைப் பயிரிடுகிறவன் ஆலையை நம்பித்தான் பயிரிடுகிறான். ஆலை வாங்காவிட்டால் சந்தையில் கொண்டுபோய் விற்றுத் தப்புவது கஷ்டம்.

ஆலைக்குள் நடப்பது இவ்வளவுதான். பழத்தைப் பழுக்கவைத்து, கழுவி, அழுகினதைப் பொறுக்கி எறிந்து, கொட்டை நீக்கி, சல்லடை மாதிரி இயந்திரத்தில் சதையைப் பிழிந்து, சூடாக்கிக் கிருமி நீக்கி, ரின்னிலோ பெரிய பையிலோ அடைக்கிறார்கள். இரண்டரை மூன்று மாதத்துக்குள் ஒரு வருசத்து வேலை முடிய வேண்டும். இந்த ஓட்டத்தில் தோலும் கொட்டையும் நாரும் ஒரு பக்கமாக வந்து விழுகிறது. இரகத்தையும் இயந்திரத்தையும் பொறுத்து, உள்ளே போன பழத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிக்கு மேல் வரைக்கும் இப்படி வெளியே வரும். தோல் கொஞ்சம் மாட்டுக்குப் போகும். மிச்சத்தை என்ன செய்வது என்பது ஆலைக்குத் தலையிடி. சீசன் நேரம் மழையும் வருகிற நேரம். குவித்து வைத்தால் இரண்டு நாளில் புளித்து நாறும், இலையான் மொய்க்கும்.

இப்ப அந்தக் கொட்டையை உடைத்துப் பார்ப்பம். உள்ளே ஒரு பருப்பு இருக்கு. அந்தப் பருப்பைக் காயவைத்தால் அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கொழுப்பு. சாதாரண எண்ணெய் மாதிரி இல்லை இது. அறை வெப்பத்தில் கட்டியாக நிற்கும், வாய்க்குள் வைத்தால் உருகும். கொக்கோ வெண்ணெயும் அப்படித்தான். இரண்டினதும் கொழுப்பமிலச் சேர்க்கை நெருங்கினது. அதனால் கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாகச் சொக்லேட்டில் சேர்க்க ஏற்ற சில கொழுப்புகளில் மாங்கொட்டைக் கொழுப்பும் ஒன்று.

இதற்கு ஒரு சட்டமே இருக்கு. பிரித்தானியா 1973 இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தபோது, இங்கத்தைய சொக்லேட்டில் வேறு தாவரக் கொழுப்பு கலந்திருக்கு, அதைச் சொக்லேட் என்று விற்கக்கூடாது என்று பிரான்சும் பெல்ஜியமும் மல்லுக்கு நின்றன. ஏறக்குறைய 30 வருசம் இழுத்த சண்டை. கடைசியில் 2000 ஆம் ஆண்டு ஒரு ஐரோப்பியக் கட்டளை வந்தது. கொக்கோ வெண்ணெய்க்கு மேலதிகமாக 5 சதவீதம் வரைக்கும் தாவரக் கொழுப்பு சேர்க்கலாம், ஆனால் ஆறே ஆறு வகைதான்: பாம், ஷியா, இலிப்பே, சால், கோகம், மாங்கொட்டை. இங்கிலாந்து அதை 2003 இல் தன் ஒழுங்குவிதியாக்கியது. பட்டியலைப் பாருங்கோ. சால், கோகம், மாங்கொட்டை மூன்றும் இந்தியாவில் இருந்து வருகிறவை. பெரிய கொம்பனிகளின் உறைகளில் நீங்கள் அதிகம் பார்ப்பது பாம், ஷியா. சில உறைகளில் மாங்கொட்டை, சால் என்றும் இருக்கும், சின்ன எழுத்தில்.

அப்ப பிரித்தானியச் சட்டத்துக்கு மாங்கொட்டையின் மதிப்பு 20 வருசத்துக்கு மேலாகத் தெரியும். பெயர் சொல்லி எழுதி வைத்திருக்கு. கிருஷ்ணகிரியில் மாங்காய் லொறியோடு ஆலை வாசலில் இரண்டு நாள் வரிசையில் நிற்கிற விவசாயிக்கு யாரும் சொல்லவில்லை.

அந்த வாசலில் என்ன நடக்குது என்று கொஞ்சம் பார்ப்பம். 2025 சீசனில் தோதாபுரி விலை அடியோடு விழுந்தது. கிருஷ்ணகிரியில் கிலோ ஒற்றை இலக்க ரூபாய்க்கு இறங்கியது. சித்தூரில் ஆந்திர அரசு தலையிட்டு, கிலோவுக்கு 12 ரூபாய், அதில் 8 ரூபாயை ஆலை தரவேண்டும், 4 ரூபாயை அரசு தரும் என்று அறிவித்தது. அந்த 8 ரூபாயும் முழுதாகக் கைக்கு வரவில்லை என்று பிறகு விவசாயிகள் முறையிட்டார்கள். அதே ஜூன் மாதம் வெளிமாநில மாங்காய் உள்ளே வரக்கூடாது என்று சித்தூர் மாவட்ட நிர்வாகம் தடை போட்டது. கர்நாடக முதலமைச்சர் சித்தராமையா ஆந்திர முதலமைச்சருக்குக் கடிதம் எழுதுகிற அளவுக்குப் போனது. ஆலைகள் சொன்ன காரணம், போன வருசத்துக் கூழே விற்காமல் கிடக்கு, வெளிநாட்டு ஓடர் குறைஞ்சு போச்சு என்பது. அது முழுப் பொய் என்று நான் சொல்ல வரவில்லை.

நான் சொல்ல வருவது அந்தக் கணக்கின் வடிவத்தைப் பற்றி. விலை பேசுகிற மேசையில் இருக்கிற ஒரே பொருள் கூழ். கூழ் விலை விழுந்தால் மாங்காய் விலை விழும். கொட்டையில் இருந்து, தோலில் இருந்து என்ன வருகிறது என்பது அந்த மேசைக்கு வருவதே இல்லை. ஆனால் ஆலை வாசலில் தராசில் ஏறுவது முழுப் பழம். தோலோடு, கொட்டையோடு, காம்போடு.

இதற்கு ஆலைக்காரர் ஒரு நியாயமான பதில் சொல்லுவினம். "முழுப் பழத்தின் எடைக்குத்தானே காசு குடுக்கிறம். அப்ப கொட்டைக்கும் குடுத்திட்டம். பிறகு அது எங்கட பொருள். அதை அப்புறப்படுத்துகிற செலவும் எங்கட தலையில்தானே" என்று. காது குடுத்துக் கேட்க வேண்டிய பதில்தான் இது. ஆனால் அதே ஆட்கள் விலை பேசும்போது "ஒரு கிலோ பழத்தில் பாதிதான் கூழ், மிச்சம் எல்லாம் குப்பை, அதையும் கழிச்சுத்தான் விலை போட முடியும்" என்று சொல்லுவார்கள். வாங்கும்போது குப்பை என்று கழிக்கிறது, விற்கும்போது துணைப்பொருள் என்று வருமானத்தில் சேர்க்கிறது. ஒரே கொட்டைக்கு இரண்டு பெயர். எந்தப் பெயரை எந்த நேரம் பாவிக்கிறது என்கிற அதிகாரம் ஒரு பக்கத்திடம் மட்டும் இருக்கு.

கேள்வி நேரத்தில் ஒரு தோழர் இதைக் கேட்டார்: கொட்டையில் பங்கு குடுத்தால் விவசாயிக்கு விடிஞ்சிடுமா? விடியாது. பருமட்டாக ஒரு கணக்குப் போடுவம். ஒரு தொன் பழத்தில் கொட்டை 150, 200 கிலோ வரும். அதில் பருப்பு ஏறக்குறையப் பாதி. அந்தப் பருப்பிலும் பாதி ஈரம். காய்ந்த பருப்பு 40, 50 கிலோ என்று வைத்தால் கொழுப்பு நாலைந்து கிலோ. அவ்வளவுதான். அதுவும் உடனே பிரித்துக் காயவைக்காவிட்டால் பூஞ்சணம் பிடித்துக் கொழுப்புக் கெட்டுப் போகும். ஆகவே ஒவ்வொரு மாங்கொட்டைக்குள்ளும் ஒரு தங்கக் காசு இருக்கு என்கிற மாதிரி எழுதுகிற கட்டுரைகளை நம்பாதேயுங்கோ. ஒரு விவசாயிக்கு அது சின்னக் காசு. ஒரு மாவட்டத்துக் கொட்டை முழுவதையும் ஒரு இடத்தில் குவிக்கக் கூடியவனுக்குத்தான் அது பெரிய காசு.

கணக்கு சின்னது எண்டாலும் கேட்கிற உரிமை சின்னது இல்லை. இதற்கு ஒரு முன்மாதிரி இந்தியாவிலேயே இருக்கு, கரும்பில்.

கரும்பு பழம் இல்லை, தெரியும். ஆனால் கதை அதேதான். கரும்பைப் பிழிந்தால் சக்கை, பிறகு மொலாசஸ், பிறகு வடிகட்டின மண்டி. ஒரு காலத்தில் மொலாசஸ் ஆலைக்குத் தொல்லை. இன்றைக்கு அதில் இருந்து ஸ்பிரிட், எத்தனோல். சக்கையை எரித்து மின்சாரம். கரும்பு விவசாயிகள் பல வருசமாகக் கேட்டது, சீனி விலையை மட்டும் வைத்துக் கரும்புக்கு விலை போடாதே என்றுதான். பார்கவா ஆணையத்தின் பரிந்துரையின் பேரில் 1974 இல் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணையில் 5அ என்று ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. ஆலைக்குக் கிடைக்கிற கூடுதல் இலாபத்தில் விவசாயிக்குப் பங்கு என்றது அது. 2009 இல் அதை எடுத்துவிட்டார்கள். பிறகு 2012 இல் ரங்கராஜன் குழு என்ன சொன்னது? சீனியும் சக்கை, மொலாசஸ், மண்டி ஆகிய துணைப்பொருளும் சேர்ந்த வருமானத்தில் 70 சதவீதம் விவசாயிக்கு. சீனியை மட்டும் கணக்கில் எடுத்தால் 75 சதவீதம்.

ரங்கராஜன் குழு இடதுசாரிக் குழு இல்லை. சீனித் தொழிலைக் கட்டுப்பாட்டில் இருந்து அவிழ்த்துவிடுவது எப்படி என்று பார்க்கப் போட்ட குழு. விவசாயச் சங்கங்களுக்கு அதோடு பல சண்டைகள் இருந்தது, சரியாகவே. ஆனால் ஒன்றைக் கவனியுங்கோ. தாராளமயத்துக்கு வழி தேடப் போன குழுவுக்கும், துணைப்பொருளை ஒதுக்கி வைத்துவிட்டுக் கரும்புக்கு விலை சொல்ல முடியவில்லை. ஏன்? கரும்பு விவசாயி அமைப்பாக இருந்தான். ஆலைக் கணக்கைத் திறந்து காட்டு என்று கேட்கிற பழக்கம் அவனுக்குப் பல தலைமுறைப் பழக்கம். மா விவசாயிக்கு அப்படி ஒரு ஆணையும் இல்லை, அப்படி ஒரு குழுவும் போடவில்லை. 2025 இல் அரசு தந்த அந்த 4 ரூபாய் மக்கள் வரிப்பணம். ஆலையின் கணக்குப் புத்தகத்தை யாரும் திறக்கவில்லை.

சரி, இனி இந்தக் கொட்டையின் இன்னொரு ஊருக்குப் போவம். ஆலைக் கொட்டை பாதி அழுகிப் போகுது என்று சொன்னேன். காட்டில் விழுந்த மாங்கொட்டையைப் பொறுக்கி, உடைத்து, காயவைத்து வைத்திருப்பது ஒடிசா, சத்தீஸ்கர் பக்கத்துப் பழங்குடிப் பெண்கள். சத்தீஸ்கரில் சால் விதையையும் மாங்கொட்டைப் பருப்பையும் வாங்கிக் கொழுப்பு எடுத்து ஏற்றுமதி செய்கிற ஆலை இருக்கு. அங்கே அந்தப் பருப்பு சொக்லேட்டுக்குப் போகுது. பொறுக்குகிற வீட்டில் அது கடைசிச் சாப்பாடு. மழைக்காலத்தில் அரிசி தீர்ந்த பிறகு, பருப்பை ஊறவைத்துக் கழுவிக் கழுவித் துவர்ப்பை எடுத்து, காயவைத்து இடித்துக் கூழ் காய்ச்சுவார்கள். பெண்களிடம் இருக்கிற நுணுக்கமான அறிவு அது. சரியாகக் காயாமல் பூஞ்சணம் பிடித்தால் அந்தக் கூழ் ஆளைக் கொல்லும்.

2001 இல் ஒடிசாவின் ராயகடா மாவட்டம், காசிபூரில் அப்படித்தான் நடந்தது. மாங்கொட்டைக் கூழ் குடித்த பழங்குடிச் சனம் அடுத்தடுத்துச் செத்தார்கள். பட்டினிச் சாவு இல்லை, கெட்டுப்போன கொட்டையைத் தின்றதால் வந்த சாவு என்று அரசு சொன்னது. அதைவிட நல்லது இருந்திருந்தால் ஏன் அதைத் தின்னப் போகினம் என்று மற்றவர்கள் கேட்டார்கள். அந்த வருசம் இந்திய அரசின் களஞ்சியங்களில் ஏறக்குறைய 6 கோடி தொன் தானியம் அடுக்கிக் கிடந்தது. உணவு உரிமை வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனதும் அதே 2001 இல்தான். காசிபூர் வேறு ஒன்றுக்கும் பெயர் போன இடம். அலுமினிய ஆலைக்காக பொக்சைட் மலையைத் தோண்ட வந்ததை எதிர்த்த சனத்தின் மீது 2000 டிசம்பர் 16 இல் மைகஞ்ச் கிராமத்தில் பொலிஸ் சுட்டு மூன்று பழங்குடியினர் கொல்லப்பட்டார்கள். அவர்களுடைய மலைக்குள் மறைந்திருந்த மதிப்பும் வெளியாருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

இது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2024 கடைசியில் அதே ஒடிசாவின் கந்தமால் மாவட்டத்தில் மாங்கொட்டைக் கூழ் குடித்துப் பெண்கள் இறந்தார்கள். ரேஷன் அரிசி ஒழுங்காக வந்ததா இல்லையா என்று மறுபடி அதே வாதம். 23 வருசம் இடைவெளி. இடையில் ஐரோப்பாவில் மாங்கொட்டைக் கொழுப்புக்குச் சட்ட அங்கீகாரமே கிடைத்துவிட்டது.

தாயகத்துக்கு வருவம். கஜு. தமிழ்நாட்டில் முந்திரி என்பார்கள், எங்களுக்கு முந்திரிகை எண்டால் திராட்சை. கஜுக் கொட்டையின் ஓட்டுக்குள் ஒரு கறுப்பு எண்ணெய் இருக்கு. தோலில் பட்டால் எரிக்கும், பொத்துப் போகும். கொல்லத்திலும் பண்ருட்டியிலும் கன்னியாகுமரியிலும் தலைமுறை தலைமுறையாகக் கஜு உடைக்கிற பெண்கள் கையில் சாம்பலோ விளக்கெண்ணெயோ பூசிக்கொண்டுதான் உடைக்கிறார்கள். அப்படியும் விரல் கறுத்துப் போகும். இந்த எண்ணெய் மோட்டார் வண்டிகளின் பிரேக் லைனிங்குக்கும், பெயின்டுக்கும், பிசினுக்கும் போகிற நல்ல விலையுள்ள சரக்கு. ஓடு முதலாளியின் பொருள், எண்ணெய் மில்லுக்கு விற்பான். உடைக்கிறவளுக்குக் கூலி பருப்பின் எடைக்கு. துணைப்பொருளின் வருமானம் ஒருவருக்கு, துணைப்பொருளின் காயம் இன்னொருவருக்கு. இதைவிட வெளிப்படையான உதாரணம் எனக்குத் தெரியாது.

சிரட்டை உங்களுக்குத் தெரிந்த கதை, சுருக்கமாகச் சொல்லுகிறேன். இங்கே குசினியில் தண்ணீர் வடிக்கிற ஜக் வைத்திருக்கிறீர்கள்தானே. பிரிட்டா மாதிரி. அதன் கார்ட்ரிஜ்ஜுக்குள் இருக்கிற கறுப்பு மணி சிரட்டைக் கரி. சிரட்டைக் கரியை நீராவியில் பதப்படுத்தினால் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள் விழும். அது அழுக்கைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்கும், தங்கச் சுரங்கத்தில் கரைசலில் இருந்து தங்கத்தையே பிடிக்கும். இலங்கையில் 1973 இல் தொடங்கிய ஹேகார்ப், ஹேலீஸ் குழுமத்துக் கொம்பனி, உலகத்தில் இந்தத் தொழிலின் முன்னணிக் கொம்பனிகளில் ஒன்று. கிராமத்தில் குழி வெட்டிச் சிரட்டை சுடுகிறவர் புகையைக் குடித்துக்கொண்டு கரியை மூட்டைக் கணக்கில் விற்கிறார். அவருக்கும் அந்தத் தங்கச் சுரங்கத்துக்கும் இடையில் எத்தனை கை என்று எண்ணிப் பாருங்கோ.

இந்தக் கரியைப் பற்றி ஒரு கிளைக்கதை. முதலாம் உலகப் போரில் நச்சுவாயு முகமூடிக்குக் கரி தேவைப்பட்டது. தேங்காய்ச் சிரட்டை போதவில்லை. 1918 இல் அமெரிக்காவில் அரசும் செஞ்சிலுவைச் சங்கமும் சேர்ந்து, பீச், அப்ரிகொட், பிளம், செரிக் கொட்டைகளை எறியாதீர்கள், சேர்த்துத் தாருங்கள் என்று நாடு முழுக்கக் கேட்டார்கள். 200 பீச் கொட்டைக்கு ஒரு முகமூடி என்று கணக்கும் சொன்னார்கள். கடை வாசல்களில் பீப்பா வைத்துப் பள்ளிப் பிள்ளைகள் சேர்த்தார்கள். தனது சிப்பாய் சாகக்கூடாது என்று ஒரு அரசு நினைத்தவுடன் பழக்கொட்டைக்குக் களஞ்சியம், போக்குவரத்து, கணக்கு எல்லாம் சில மாதத்தில் வந்துவிட்டது. கிருஷ்ணகிரிக் கொட்டையை உலர்த்த ஒரு பொது உலர்களம் போட முடியாது என்று யாரும் சொன்னால் எனக்கு இந்தப் பீச் கொட்டைதான் ஞாபகம் வரும்.

மார்க்ஸ் இதைப் பற்றி எழுதியிருக்கிறார் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். மூலதனம் மூன்றாம் தொகுதி, ஐந்தாம் அத்தியாயத்தில் உற்பத்திக் கழிவுகளை மீண்டும் பயன்படுத்துவது பற்றி ஒரு சின்னப் பகுதி இருக்கு. கழிவு சரக்காக மாற என்ன வேண்டும் என்று அவர் மூன்று விசயம் சொல்லுகிறார். கழிவு பெரிய அளவில் ஒரே இடத்தில் சேர வேண்டும், இயந்திரம் முன்னேற வேண்டும், விஞ்ஞானம், முக்கியமாக இரசாயனம், அதன் குணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். மாங்கொட்டைக்கு மூன்றும் அப்படியே பொருந்தும். மூலப்பொருள் விலை ஏறும்போதுதான் கழிவின் மேல் முதலாளிக்குக் கண் போகும் என்றும் சொல்லுகிறார். 2024 இல் கொக்கோ விலை முன்னெப்போதும் இல்லாத உயரத்துக்குப் போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அப்படியான நேரத்தில் கொக்கோ வெண்ணெய்க்கு மாற்றுத் தேடுகிறவன் எங்கே பார்ப்பான் என்று நான் சொல்லத் தேவையில்லை. அதே பகுதியில் இலண்டனையும் ஒரு குத்துக் குத்துகிறார், நாலரை மில்லியன் சனத்தின் மலத்தை வயலுக்கு உரமாக்கத் தெரியாமல் பெருஞ்செலவில் தேம்சில் கொண்டுபோய் விடுகிற நகரம் என்று.

முதலாவது நிபந்தனையைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேணும். "ஒரே இடத்தில் சேர வேண்டும்." சேர்க்கிறவன் யாரோ மதிப்பு அவனிடம் போகும். ஒரு விவசாயி வீட்டில் விழுகிற கொட்டை குப்பை. பத்தாயிரம் விவசாயிகளின் கொட்டை ஒரு முற்றத்தில் குவிந்தால் மூலப்பொருள். இது இயற்கை விதி இல்லை. குவிக்கிற வேலையை ஒரு கூட்டுறவும் செய்யலாம். குஜராத்தில் பாலை அப்படிக் குவித்தார்கள். அமுலின் பிரச்சினைகள் எனக்கும் தெரியும், இண்டைக்கு அதற்குள் போகேலாது. ஆனால் பாலின் துணைப்பொருளும் அங்கே கூட்டுறவின் கணக்கில்தான் வருகிறது, வெளியாள் கணக்கில் இல்லை.

"எங்கட ஊரில் எதையும் எறியிறேல்லையே" என்று பனையைக் காட்டி ஒரு அண்ணை கேட்டார். உண்மைதான். பனம்பழத்தின் களியைப் பிழிந்து பனாட்டு, பணியாரம். கொட்டையைப் பாத்தியில் அடுக்கினால் கிழங்கு. கிழங்கைப் பிரித்த பிறகு கொட்டையைப் பிளந்தால் பூரான். அதுவும் போன பிறகு ஊமல், அடுப்பெரிக்க, கரி சுட. கிழங்கைக் காயவைத்தால் ஒடியல், கூழுக்கு. ஒரு பழத்தின் துணைப்பொருள் எல்லாம் ஒரே வளவுக்குள் நின்ற ஏற்பாடு இது. எந்த வட்டப் பொருளாதார நிபுணரும் இதைவிட வடிவாக வரைய மாட்டார்.

ஆனால் அதை வைத்துப் பழம்பெருமை பேச எனக்கு விருப்பம் இல்லை. எறியாமல் விட்டதற்குப் பெரிய காரணம் வறுமை. பனையில் ஏறினவர்களைச் சாதி சொல்லித் தள்ளி வைத்த சமூகம்தான் அந்தப் பனையின் ஒவ்வொரு பொருளையும் அனுபவித்தது. வளவு யாருடையது, பழம் பொறுக்க யாருக்கு அனுமதி, யார் வேலிக்கு வெளியே நின்று கேட்டு வாங்கினார்கள், இதெல்லாம் எங்கட கதையிலும் இருக்கு. கொட்டை யாருக்குச் சொந்தம் என்கிற கேள்வியை நாங்கள் கொம்பனியிடம் மட்டும் கேட்டுவிட்டுத் தப்ப முடியாது.

இனி சட்டனைப் பற்றி இரண்டு வார்த்தை. மாம்பழத் தோலை நாங்கள் இங்கே உணவுக் கழிவு வாளியில் போடுகிறம். அது நொதிக்கவைக்கிற ஆலைக்குப் போய் வாயுவும் உரமும் ஆகிறது. தெரியாமல் கறுப்புப் பையில் போட்டால் பெடிங்டன் எரிவுலைக்குப் போகும். சட்டன், குரொய்டன், மேர்ட்டன், கிங்ஸ்டன் நாலு கவுன்சில்களும் சேர்ந்து செய்த நீண்டகால ஒப்பந்தம், நடத்துவது வீரிடோர் என்கிற கொம்பனி. அதுவும் எங்கட குப்பையில் மின்சாரம் எடுத்து விற்கிறது. கழுவுகிறது, பிரிக்கிறது, எந்தக் கிழமை எந்த வாளி என்று ஞாபகம் வைக்கிறது, எல்லாம் வீட்டில் சம்பளம் இல்லாமல் நடக்கிற வேலை, பெரும்பாலும் யார் செய்யினம் என்றும் தெரியும். நான் வாளியை எதிர்க்கவில்லை. பிரித்துப் போடுங்கோ, கட்டாயம். போடும்போது அந்த ஒப்பந்தத்தையும் ஒருக்கால் வாசியுங்கோ என்றுதான் கேட்கிறேன். கவுன்சில் கூட்டத்தில் கேள்வி கேட்க எங்களுக்கு உரிமை இருக்கு, அதைப் பாவிக்கிற தமிழ் ஆட்கள் மிகக் குறைவு.

இங்கே இருந்துகொண்டு கிருஷ்ணகிரிக்கு என்ன செய்யலாம் என்று கடைசியாக ஒரு தங்கச்சி கேட்டார். பெரிதாக ஒன்றும் சொல்லி ஏமாற்ற விரும்பவில்லை. அங்கத்தைய போராட்டத்தை அங்கத்தைய விவசாயிகள் சங்கங்கள்தான் நடத்த வேண்டும். கரும்பில் கேட்ட மாதிரி மாங்காயிலும் கூழும் துணைப்பொருளும் சேர்ந்த வருமானத்தில் பங்கு கேட்கலாம் என்கிற யோசனையை அவர்களிடம் கடிதமாக எழுதிக் கேட்கலாம். அவர்கள் இதை ஏற்கனவே யோசித்தும் இருப்பார்கள், எங்களுக்குப் பதிலும் சொல்லுவார்கள். இங்கே எங்களால் ஏலுமானது சங்கிலியின் இந்த முனையைப் பார்க்கிறது. சொக்லேட் கொம்பனிகளில் பெரியவை 2015 ஆம் ஆண்டின் நவீன அடிமைத்தனச் சட்டத்தின் கீழ் வருசா வருசம் அறிக்கை வெளியிட வேண்டும். கொக்கோவைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கும். மாங்கொட்டையும் சாலும் அதில் வருகுதா, வந்தால் யாரிடம் வாங்கினது என்று இருக்குதா எண்டு பார்க்க வேணும். ஆளுக்கொரு கொம்பனி எடுத்தால் ஒரு மாதத்தில் வாசித்து முடிக்கலாம்.

அடுத்த சந்திப்புக்கு வரும்போது வீட்டில் இருக்கிற சொக்லேட் உறை ஒன்றும் மாம்பழ ரின்னின் லேபல் ஒன்றும் கொண்டு வாங்கோ. ரின்னில் ஆலையின் ஊர்ப் பெயர் இருக்கும். பட்டியலை அதிலிருந்து தொடங்குவம்.